பையன் பரவாயில்லை

நாவல் படிக்கிறவர்களில் பல ரகம் உண்டு. படித்துவிட்டு அழுகிறவர்கள் உண்டு. படித்துக்கொண்டே தூங்கிவிட்டு, விழித்ததும் விட்ட பக்கத்தைத் தேடாமல் கண்ணில் பட்ட பக்கத்திலிருந்து தொடர்கிறவர்கள் உண்டு. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, கதாநாயகி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்ட பிறகே முதல் பக்கத்துக்கு வருகிற இளகின மனசுக்காரர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. படிக்கட்டும், விட்டுவிடுவோம். இங்கே சொல்ல வந்தது வேறொரு பிறவியைப் பற்றி. அவர்தான் 'ஆனா' வாசகர். அவர் இல்லாத தெரு கிடையாது. எங்கள் தெருவில் இல்லையே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். முதலில் ஆளின் அடையாளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஆனா' வாசகர் எந்த நாவலையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். நன்றாக இல்லை என்றும் சொல்லமாட்டார். 'நல்லாத்தான் இருக்கு' என்பார். அந்தத் 'தான்' இருக்கிறதே, அது செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி. உள்ளே வந்த மாதிரியும் இருக்கும், கிளம்பிவிட்ட மாதிரியும் இருக்கும். அதைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுப்பார். தப்பி ஓட நினைக்கிறவர்கள் அந்த மூச்சுக்குள் ஓடிவிட வேண்டும். ஓடாமல் நின்றால் 'ஆனா' வந்துவிடும். வந்தால் லேசில் போகாது.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ராயப்பராஜ் என்று ஒருவர் இருந்தார். பேகம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து அட்டை போட்டு, வீட்டுக்கு வீடு இரவல் கொடுத்து வாங்கிப் படித்த அந்தக் காலத்தில், தெருவில் எந்தப் புத்தகம் நடமாடினாலும் அது ராயப்பராஜ் வீட்டில் இரண்டு நாள் தங்காமல் போனதில்லை. புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் முன்னுரையைப் படிப்பார். முன்னுரை எழுதியவரோடு அங்கேயே ஒரு சண்டை நடக்கும். இவ்வளவு புகழ்ந்தால் நாங்கள் எதைப் படிப்பது என்று கேட்பார். புகழாமல் எழுதியிருந்தால், இவருக்கே பிடிக்காததை நம் தலையில் கட்டுகிறாரே என்பார். பிறகு கதைக்குள் இறங்குவார். இறங்கினால் ஆள் இல்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்து, திண்டுக்கல்லில் இறங்க மறந்து, வேடசந்தூரில் கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பிய மனிதர் அவர். எழுப்பிய கண்டக்டரிடமும், அத்தியாயம் நல்லாத்தான் போகுது, ஆனா வர்ணனை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாராம்.

இந்த வேடிக்கை அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவள் அறியாத நாவல் அந்தத் தெருவில் இல்லை. அவர் படித்து முடித்த கையோடு அடுப்படிக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் வெங்காயம் உரிக்க உரிக்கக் கதை முழுவதையும் சொல்லி, குறை முழுவதையும் சொல்லி, குழம்பு கொதிக்கிற நேரத்தில் எழுந்து போவார். புத்தகத்தின் பெயர் அவளுக்கு நிற்காது. அவளாக ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். ஒரு வருஷத்தில் மட்டும் எத்தனை கதை! இருமிக்கொண்டே இருந்து கடைசியில் செத்துப்போகிறவளுடையது 'இருமல்காரி கதை'. அதைப் படித்தபோது துண்டு நனைகிற அளவுக்கு அழுதார் ராயப்பராஜ். துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து சொன்னார்: நல்லாத்தான் அழவைக்கிறார், ஆனா அழவைக்கிறது தெரியுது. அடுத்து வந்தது 'ராசா கதை'. அதில் ஒருத்தன் குதிரை ஏறி ஒரு கோட்டைக்குப் புறப்பட்டு ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளிவரை போய்க்கொண்டே இருந்தான். குதிரை நல்லாத்தான் ஓடுது, ஆனா கதை நிக்குது என்றார். அப்புறம் 'வக்கீல் கதை'. வாதம் நல்லாத்தான் இருந்தது, ஆனா தீர்ப்புத்தான் தப்பு. அதற்கப்புறம் ஒரு புது மாதிரிக் கதை. ஒரு மனிதன் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பான். கதை முடியும்போதும் உட்கார்ந்திருப்பான். ஒண்ணுமே நடக்கலை, ஆனா அதுல ஒரு இது இருக்கு என்றார். என்னது இருக்கு என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டாள். அதான், ஒரு இது என்றார். அந்தக் கதைக்கு 'இது கதை' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

மெச்சுவதே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்கு அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. 'பரவாயில்லை.' முன்னால் 'தான்' இல்லாமல், பின்னால் 'ஆனா' இல்லாமல், தனியாக வருகிற பரவாயில்லை. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இஞ்ஞாசியம்மாள் அதைக் கேட்டது ஒரே ஒரு நாவலுக்கு. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. வேலைக்கும் போகவில்லை. வாசலில் நின்று போகிற வருகிறவர்களை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பிரமாதம்' என்று சொன்னால் அர்த்தம் வேறு. அந்தப் புத்தகத்தை அவர் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் நாவலோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன? நிற்காது. அதுதான் இந்த வியாதியின் லட்சணம். நாவலைப் பார்க்கிற கண்ணால் மனிதரையும் பார்க்க ஆரம்பிப்பார்கள். ராயப்பராஜுக்கு ஒரே மகள், சகாயசெல்வி. டீச்சர் வேலை பார்க்கிறவள். அவளைப் பார்க்க முதலில் திருச்சியிலிருந்து ஒரு ரயில்வே மாப்பிள்ளை வந்தார். அவரைப் பற்றி ராயப்பராஜ் அவர் வீட்டாரிடமே சொன்னார்: உத்தியோகம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆள் நாம எதிர்பார்த்த மாதிரியே இருக்காரு. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்து தகவல் சொல்லவில்லை. இரண்டாவது, சித்தையன்கோட்டையில் கடை வைத்திருந்த பையன். ஆரம்பத்துல இருந்த விறுவிறுப்பு பேசப் பேச இல்லையே என்று அவனிடமே சொன்னார். அவன் காபியைக்கூட முடிக்கவில்லை.

இரண்டு தடவையும் சகாயசெல்வி வாய் திறக்கவில்லை. மூன்றாவதாக நிலக்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அந்தோணிமுத்து, அவனும் வாத்தியார். ஆசிரியர் கூட்டங்களில் இவள் அவனைப் பார்த்திருக்கிறாள். பேசினாளா இல்லையா என்று அம்மா கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்தப் பெயரைச் சொன்ன அன்று, அரிசி களைந்துகொண்டிருந்தவள் கழுநீரைப் பானையில் வைத்துக்கொண்டு அரிசியை முற்றத்தில் கொட்டினாள். அப்புறம் அள்ளிக்கொண்டே, அம்மாவின் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"இந்தத் தடவ மட்டும் அப்பாவப் பேச விடாதம்மா."

அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து இஞ்ஞாசியம்மாளுக்கு வேறு நினைப்பு இல்லை. இதுவும் தவறினால் இந்தப் பிள்ளை இனி ஒருவருக்கும் முன்னால் வந்து நிற்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷனைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் 'சரி' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசக்கூடாது என்று சொன்னாள். சரி என்றார். ஒரு மூச்சு இழுத்தார். ஆனா, என்று ஆரம்பித்தார். இது நடக்காது என்று அவள் எழுந்துவிட்டாள்.

வாயை அடைக்க ஒரே வழிதான் உண்டு. கதைக்குள் இருக்கும்போது அவர் எதற்கும் 'உம்' என்பதைத் தவிர வேறு சொல்லமாட்டார். பெண்ணைக் கொடுங்கள் என்றாலும் உம், வீடு எரிகிறது என்றாலும் உம். அந்த உம்மைவிட நல்ல சம்பந்தி உலகத்தில் உண்டா? ஆகையால் அவர்கள் வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளியிடம் போனாள். சண்முகவள்ளி தொடர்கதை தைத்து வைப்பதில் கைகாரி. அவள் அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, சந்தையில் பூசணிக்காயைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து, இருந்ததிலேயே கனமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். திங்கட்கிழமைவரை தாங்கும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரி. புத்தகத்தில்தான் கோளாறு. அட்டை மிச்சமாகட்டும் என்று சண்முகவள்ளி அதில் இரண்டு நாவலைச் சேர்த்துத் தைத்திருந்தாள். எழுத்துத் தெரிந்தவளாக இருந்தால் நடுவில் ஒரு 'முற்றும்' இருப்பதைப் பார்த்திருப்பாள். இஞ்ஞாசியம்மாள் பார்த்தது தடிமனை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நிலக்கோட்டைக்காரர்கள் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்கள். அந்தோணிமுத்து, அவன் அப்பா சூசைமாணிக்கம், அம்மா ஆனந்தமேரி. ஆனந்தமேரியின் கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப் பந்து. சூசைமாணிக்கம் பூ வியாபாரி. பேச்சு குறைவு, கண் கூர்மை. அவர்கள் படியேறவும் ராயப்பராஜ் உள்ளே 'முற்றும்' போட்ட பக்கத்தைத் திருப்பவும் சரியாக இருந்தது. மூக்கைச் சிந்தித் துண்டால் துடைத்துக்கொண்டார். அடுத்த பக்கத்தில் அடுத்த நாவல் தயாராகத்தான் இருந்தது. இருந்து என்ன பிரயோசனம்? ஒரு நாவலுக்கும் அடுத்த நாவலுக்கும் நடுவில் அவர் வாய் திறந்தாக வேண்டும். அபிப்பிராயம் தொண்டைவரை முட்டிக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில்தான் விருந்தாளிகள் எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

இஞ்ஞாசியம்மாளுக்கு விஷயம் தெரியாது. புத்தகம் இன்னும் அவர் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டு கேசரித் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் நன்றாகவே நடந்தது. அந்தோணிமுத்து நின்றுகொண்டிருந்தான், உட்காருப்பா என்றாள் ஆனந்தமேரி, உட்கார்ந்தான். சகாயசெல்வி வந்து வணக்கம் சொல்லிவிட்டு நிலைக்கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கோயில் திருவிழா, மழை, மேட்டுப்பட்டியில் தண்ணீருக்குப் படுகிற பாடு எல்லாம் பேசியாயிற்று. ராயப்பராஜ் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். அவர் இன்னும் கதைக்குள்ளேயேதான் நின்றுகொண்டிருந்தார். முற்றும் போட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்களா என்ன?

சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லாரும் பேசிவிட்டோம், பையனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, மனசில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள் என்றார்.

ராயப்பராஜின் முகம் மலர்ந்தது. கதை முடிந்ததிலிருந்து யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அல்லவா? மடியில் இருந்த புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"பையனா? நல்லாத்தான் இருக்கான். ஆனா முதுகெலும்பு இல்லைங்க. அவங்கம்மா நில்லுன்னா நிக்கிறான், உக்காருன்னா உக்காருறான். அந்தம்மாதான் எல்லாத்தையும் கெடுத்தது. நானா இருந்தா அந்தம்மாவப் பாதியிலயே கொன்னுருப்பேன்."

ஆனந்தமேரி கேசரியை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். சூசைமாணிக்கத்தின் காது சிவந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் ஒன்று நிலையில் இடித்தது. இஞ்ஞாசியம்மாள் கையில் இருந்த காபி டம்ளரோடு நடுக்கூடத்தில் நின்றாள், முன்னால் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அந்தோணிமுத்து மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துத்தான் அவன் அம்மா திரும்பினாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அது நான் இல்ல. மாமா மடியில இருக்கிற கதையில வர்ற பையன். நானும் வாராவாரம் படிச்சேன்."

ராயப்பராஜுக்கு அப்போதுதான் தாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது. வெட்கப்பட்டாரா? பட்டிருப்பார், நேரம் கிடைத்திருந்தால். எதிரில் உட்கார்ந்திருக்கிறவன் அந்தக் கதையைப் படித்தவன் என்று காதில் விழுந்துவிட்டதே! அந்த அம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறீங்க தம்பி என்று கேட்டுவிட்டார். அந்தோணிமுத்து கொஞ்சம் யோசித்து, அந்தம்மா இல்லையென்றால் கதையே இல்லையே, அவளும் பாவம் பயந்தவள்தானே என்றான். ராயப்பராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, அந்தப் பையனை முதல் தடவையாகப் பார்த்தார்.

சூசைமாணிக்கத்துக்கு மூச்சு வந்தது. சரி, கதையில் வருகிறவனை விடுங்கள், எங்கள் பையன் எப்படி என்று கேட்டார்.

ராயப்பராஜ் மூச்சு இழுக்கவில்லை. 'தான்' போடவில்லை.

"பரவாயில்லை" என்றார். வாயை மூடிக்கொண்டார்.

இஞ்ஞாசியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சூசைமாணிக்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. ஏன் என்று கேளுங்கள். அவர் கடையில் விடியற்காலையில் வருகிற இறுகின மொட்டு முதல் தரம். வெயில் ஏறினபின் வருகிற, லேசாக வாய் திறந்துவிட்ட மொட்டு இரண்டாம் தரம். நேற்று விற்காமல் ஈரச்சாக்குக்கு அடியில் கிடந்து, தண்ணீர் தெளித்து நிமிர்த்தி வைத்த பூவுக்கு என்ன பெயர் சொல்வது? தன் கடைப் பூவைத் தானே பழசு என்று சொல்ல எந்த வியாபாரிக்கு மனசு வரும்? ஆகவே அதற்கு அவர் வைத்த பெயர் 'பரவாயில்லை'. பரவாயில்லையில் ஒரு கூடை ஏத்துடா என்று பஸ் கிளம்புகிற நேரத்தில் அவர் கத்துவது நிலக்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரே மகனைப் படிக்கவைத்து, சட்டைக்குக் கஞ்சி போட்டு, பெண் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தால், ஒரு மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்து, இது ஈரச்சாக்குப் பூ என்கிறார்.

சூசைமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆனந்தமேரியும் எழுந்தாள். அந்தோணிமுத்து எழவில்லை, நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராயப்பராஜ் ஒன்றும் புரியாமல் விழித்தார். வாழ்நாளில் இவ்வளவு தாராளமாக ஒருவரைப் புகழ்ந்ததில்லை, அதற்குப் போய்க் கோபப்படுகிறார்களே!

இஞ்ஞாசியம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால் அவள் அதுவரை நின்று பேசினவள் இல்லை.

"அண்ணே, செத்த நேரம் நில்லுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது, இவுக வாயி தெரியும். என்னையக் கட்டுன அன்னைக்கு எங்கய்யா கேட்டாரு, மாப்ள, பொண்ணு எப்படின்னு. நல்லாத்தான் இருக்கு, ஆனா குள்ளம்னாக. இந்தப் பிள்ளயப் பெத்துக் கையில குடுத்தேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா மூக்குன்னாக. நான் வச்ச கொழம்புக்கு ஆனா, வெஞ்சனத்துக்கு ஆனா. இம்புட்டு வருசத்துல என்னையப் பாத்து வெறும் பரவாயில்லன்னு ஒரு வார்த்த வரல. வரும் வரும்னு பாத்துட்டு நானும் விட்டுட்டேன். உங்க மகன் வந்து ஒக்காந்து காப்பி ஆறல, குடுத்துட்டாக. வேணாம்னா போங்க. விட்டுட்டுப் போறது என்னன்னு தெரிஞ்சு போங்க."

சொல்லச் சொல்லக் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராயப்பராஜ் தலை நிமிரவில்லை.

ஆனந்தமேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் எத்தனை வருஷத்துச் சமையல் இருந்ததோ, எத்தனை புதுச்சேலை இருந்ததோ, யார் கண்டது?

"ஒக்காருங்க" என்றாள். "என்னைய நீங்க எந்தத் தரம்னு என்னைக்காவது சொல்லியிருக்கீகளா? ஒக்காருங்க பேசாம."

சூசைமாணிக்கம் உட்கார்ந்தார். பூவை அவிழ்த்து ஆனந்தமேரியே சகாயசெல்வியின் தலையில் வைத்தாள். அந்தப் பிள்ளை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் அந்தோணிமுத்து எட்டி எட்டிப் பார்த்தான். வெற்றிலை மாற்றினார்கள். வருகிற ஞாயிறே கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்து ஊருக்குச் சொல்லிவிடுவதென்று முடிவாயிற்று. நிலக்கோட்டை பஸ் ஏற்றிவிட்டு ராயப்பராஜ் வீட்டுக்குத் திரும்பினார்.

அடுப்படி வாசலில் வந்து நின்றார். முக்காலியை இழுத்துப் போடவில்லை. இஞ்ஞாசியம்மாள் திரும்பாமல் பாத்திரத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் காது முழுவதும் வாசலில்தான் இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதருக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று இருக்கிறது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"இஞ்ஞாசி" என்றார். "நீ இன்னைக்குப் பேசுனது..."

அவள் கை நின்றது.

"நல்லாத்தான் இருந்துச்சு." ஒரு மூச்சு இழுத்தார். "ஆனா நடுவுல கொஞ்சம் நீளம்."

அவள் அகப்பையை ஓங்கிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் மகள் கூடத்தில் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இஞ்ஞாசியம்மாளும், வேறு வழி இல்லாமல், சிரித்துவிட்டாள். போகட்டும், பிள்ளைக்கு ஒன்று அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ராயப்பராஜைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், அதற்குத்தானே சொன்னது. நாம் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று ஒரு நிம்மதியும் வந்திருக்கும். அந்த நிம்மதியை மட்டும் அவசரப்பட்டு நம்பாதீர்கள். இதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் வீட்டில் உங்களோடு நெடுநாள் குப்பை கொட்டின ஒருவரைக் கூப்பிட்டு, நான் அப்படியா என்று நேராகக் கேளுங்கள். 'இல்லை' என்று வெட்டினாற்போல் பதில் வந்தால் பிழைத்தீர்கள். 'சேச்சே, அப்படியெல்லாம் இல்லை' என்று தொடங்கி, அவர் ஒரு மூச்சு இழுத்தார் என்றால், மேற்கொண்டு நின்று கேட்காதீர்கள். வியாதி உங்களுக்கு மட்டும் இல்லை, அவருக்கும் ஒட்டிவிட்டது.